ஊர் வாயை அடைக்க

வாயாடி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. யோங் பெங்கில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் எக்ஸ்பிரஸ் பஸ்கள் நின்று போகிற சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள் நான். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் படிவத்தோடு முடிந்துபோனது. மிச்சத்தை எல்லாம் அந்தக் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பாட்டி நொண்டி நொண்டி வந்து தேநீர் கேட்டார். காலில் என்ன என்று விசாரித்தேன். "மருமகன் வாங்கித் தந்த செருப்பு, அதான் கடிக்குது லா" என்றார். அன்று பூராவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், அன்றைய கால்வலி எனக்குத் தெரியாது.

என் கணவரும் அந்தக் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றவர்தான். சிகாமட்டில் ஆறு பொங்கி, பஸ் அதற்கு மேல் போகாது என்று எல்லோரையும் எங்கள் கடையில் இறக்கி விட்டிருந்தார்கள். அவருடைய அம்மாவும் அக்காவும் சிகாமட்டில் இருந்தார்கள். போன் எடுக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். யாரென்றே தெரியாத மனிதர். ஆனாலும் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. தேநீர் கொண்டுபோய் வைத்தேன், என் சார்ஜரைக் கொடுத்தேன், வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். சாயங்காலம் அவருடைய அக்காவிடமிருந்து போன் வந்தது. எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று. அப்போதுதான் அவர் சிரித்தார். பிறகு தேவையே இல்லாமல் எங்கள் கடையில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துப் போக ஆரம்பித்தார். உன் வாய்க்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன் என்று கல்யாணத்துக்குப் பிறகு எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

அவருக்கு சிங்கப்பூரில் வேலை. ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டினார். ஜொகூர் பாருவில் நண்பர்களோடு அறை எடுத்து, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவார். சனிக்கிழமை சாயங்காலம் யோங் பெங்குக்கு வந்தால் ஞாயிறு திரும்பி விடுவார். எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் நடக்கின்றன. அவர் அங்கே என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறேனே தவிர, யாரோடு சாப்பிட்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. அதை நான் பெரிய குணமாகச் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது யோசித்துச் செய்வார்களா?

இந்த இடத்தில் அந்த டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெக்கான் நானாஸ் ஊர்க்காரர். எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார், அதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் அன்னாசித் தோட்டம் உண்டு. பழம் வெட்டுகிற சமயத்தில் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து கடையில் போடுவார். ரொட்டி போடுகிறவரில் இருந்து மேசை துடைக்கிற, எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுகிற அம்மா வரைக்கும் ஆளுக்கு ஒன்று. ஒருநாள் என் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இதோட கொண்டை உங்க முடிய விட நல்லா இருக்கு, சீவி வச்சுக்குங்க" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பழத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரிகிற சிரிப்பு.

பஸ்ஸுக்குக் காத்திருந்த யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார். சிகாமட்காரராக இருக்க வேண்டும். படம் என் கணவரின் அக்காவுக்குப் போனது. அவரை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அதைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒன்றும் எழுதவில்லை. ஒரு கண், ஒரு அன்னாசிப் பழம், அவ்வளவுதான் பொம்மைகள். அதற்குக் கீழே ஒருவர் பின் ஒருவராகச் சிரிக்கிற முகங்களைப் போட்டார்கள். என் கல்யாணத்தில் அட்சதை போட்ட கைகள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே போட்டார்கள்.

சந்தேகத்தில் இப்படி ஒரு ருசி இருக்கிறது என்பது அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் குச்சியை விட்டுக் கிளறி, குச்சியை முகர்ந்து பார்க்கிற ருசி.

கணவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தில் இருந்து வீடியோ கால் வர ஆரம்பித்தது. வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மணி அடிக்கும். சாப்பிட்டாயா என்பார். பிறகு, கேமராவைத் திருப்பு என்பார். முதல் தடவை ஏதோ ஆசையாக வீட்டைப் பார்க்கிறார் என்று நினைத்துத் திருப்பினேன். சோபாவைக் காட்டு என்றார். அடுப்படியைக் காட்டு. படுக்கையறைக் கதவு ஏன் சாத்தியிருக்கிறது. குளியலறையில் விளக்கு எரிகிறதே. நானும் போனைப் பிடித்துக்கொண்டு என் சொந்த வீட்டுக்குள், திருட்டுப் பொருளைத் தேடுகிற போலீஸ்காரனுக்கு வழி காட்டுவதுபோல ஒவ்வொரு மூலையாகக் காட்டிக்கொண்டு போனேன். அலமாரிக் கதவைத் திற என்று ஒருநாள் சொன்னார். திறந்தேன். உள்ளே அவருடைய கல்யாண வேட்டி மடித்து இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அந்தச் "சரி" இருக்கிறதே, அது என் உடம்பின் மேல் யாரோ எச்சில் விரலால் தொட்ட மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன். எதற்குக் கழுவுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேசை துடைக்கிற மக்சிக்கிடம் மட்டும் சொன்னேன். மலாய்க்கார அம்மா, கணவரை இழந்து தனியாக இருப்பவர், எங்கள் கடைக்குப் பின்னால்தான் வீடு. துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைப் பிரித்துப் பார்ப்பார்களே, உன் புருஷன் உன்னை அப்படிப் பார்க்கிறான், பார்க்கிறவனுக்கு நாற்றம் பிடிக்கிறதோ இல்லையோ, மீன் ஏற்கெனவே செத்துவிட்டது என்று மலாயில் சொன்னார். எந்த வாக்கியம் கிடைத்தாலும் அதைச் சாயங்காலம் கணவரிடம் சொல்லிச் சிரிப்பது என் வழக்கம். அதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் நின்றார். நேரடியாகவே கேட்டேன், என்னை நம்பவில்லையா என்று.

"நம்புறேன். ஆனா ஊரு பேசுதே."

ஊர் பேசட்டும், நான் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்கிட்டயும் இப்படித்தானே சிரிச்சுப் பேசுன. முன்ன பின்ன தெரியாத ஆளு நானு."

கத்தி கையிலேயே இருந்தது. வெட்டிய கோழியின் ஈரம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அவருடைய அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று அவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாளை, நான் கொண்டுபோய் வைத்த தேநீரை, இவ்வளவு வருஷமும் இவர் இந்த மாதிரித்தான் மனசுக்குள் வைத்திருந்தாரா? சமைத்தேன். பரிமாறினேன். என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அவர் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சூடம் அணைக்கிற யோசனை அக்காவுடையது. சிகாமட் போகிற வழியில், செம்பனைத் தோட்டத்து ஓரமாக அவர்கள் குடும்பம் கும்பிடுகிற முனியாண்டி கோவில் ஒன்று இருக்கிறது. அங்கே சாமிக்கு முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால், அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. பொய்ச் சத்தியம் என்றால் வருஷம் திரும்புவதற்குள் கண் போய்விடும் என்பார்கள். அப்படிப் போனவர்கள் கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். தோட்டத்துக் காலத்தில் கோழி காணாமல் போனதற்கெல்லாம் அங்கேதான் தீர்ப்பு. இப்போது என்னைக் கொண்டுபோய் அந்தக் கோழியின் இடத்தில் வைத்தார்கள்.

கணவர் அதைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு நிமிஷ வேலை லா. கைய வச்சு எடுத்தா முடிஞ்சுது. எனக்காக இல்ல, ஊரு வாய அடைக்கத்தான்."

போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். போகாவிட்டால் கல்யாணம் அவ்வளவுதான் என்பது தெளிவாகத் தெரிந்தது. அக்கா அதை வாயாலேயே சொல்லிவிட்டார், பயப்படுகிறவளுக்குத்தான் சாமி முன்னால் கை நடுங்கும் என்று. எனக்கு அந்த மனிதர் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுக்குப் பிறகும் வேண்டும். சனிக்கிழமை வருகிற மோட்டார் சைக்கிள் சத்தம் வேண்டும். சரி, கையைத்தானே வைக்கச் சொல்கிறார்கள், வைத்துவிட்டு வந்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, கணவர் இரவல் வாங்கி வந்திருந்த காரில் ஏறினேன்.

கோவிலில் இறங்கியபோது ஏற்கெனவே நாலைந்து கார்கள் நின்றன. சித்தி, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா பீஹூன் சேமியா பிரட்டிப் பெரிய டப்பாவில் கொண்டுவந்திருந்தார். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட. பக்கத்தில் காகிதத் தட்டுகள், ஒரு போத்தல் ரோஜா சிரப். அந்தப் பீஹூனில் போட்ட நெத்திலியின் வாசனையும் சாமிக்கு முன்னால் கொளுத்தி வைத்திருந்த சுருட்டின் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. ஒருத்தியின் மானம் சோதிக்கப்படுவதைப் பார்க்க இவர்கள் தட்டோடு, சாப்பாட்டோடு வந்திருக்கிறார்கள். ஒரு பெண் போனைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். கேட்டால், நல்லதுக்குத்தான், சாட்சிக்கு என்றாள்.

பூசாரி அதிகம் பேசாத மனிதர். வாரத்தில் மற்ற நாட்களில் ரப்பர்ப் பால் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர் என்று சொன்னார்கள். தட்டில் சூடத்தை வைத்தார். கொளுத்துவதற்கு முன்னால் அவர்கள் வழக்கப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். சந்தேகப்படுகிறவர் பெயரில்தான் சத்தியம் வாங்க முடியும். அதனால் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்:

"சந்தேகப்படறது யாரு?"

அக்கா தம்பியைப் பார்த்தார். சித்தி பீஹூன் டப்பாவின் மூடியை அழுத்தினார். பூசாரி தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்குச் சந்தேகம் இல்ல சாமி. நான் இவள நம்புறேன். ஊருக்காகத்தான்."

ஊர் வந்திருக்கிறதா என்று பூசாரி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே, அந்தப் பெயரில் யாராவது முன்னால் வர வேண்டுமே என்பதுபோல் கேட்டார்.

காரில் வரும்போது சொல்ல வேண்டியதை நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். நான் தப்புச் செய்யவில்லை, சாமி சத்தியமாக என்று. அதெல்லாம் போய்விட்டது. என் வாயில் வேறு வந்தது.

"அப்ப நீங்க அணைங்க" என்றேன் கணவரிடம். "என்னை நம்புறேன்னு இப்ப சொன்னீங்கல்ல. அதையே சாமி முன்னாடி சொல்லி அணைங்க. அதுக்கப்புறம் நானும் அணைக்கறேன்."

அக்கா இது என்ன புதுப் பழக்கம் என்று ஆரம்பித்தார். பூசாரி கையைக் காட்டி நிறுத்தினார். நம்புகிறேன் என்று சொன்னது சாமியின் காதில் விழுந்துவிட்டது, அணைப்பதில் தப்பில்லை என்று சொல்லிவிட்டுச் சூடத்தைக் கொளுத்தினார்.

என் கணவர் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கினார். நெஞ்சுக்கு நேராக வந்த கை அங்கேயே நின்றது. சூடம் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவர் கண் அதையே பார்த்தது. அந்தக் குடும்பத்தில் கண் போனவர்களின் கதைகள் எல்லாம் அந்த நேரத்தில் அவருக்குள் ஓடியிருக்கும். கை மெல்ல இறங்கிக் கால்சட்டைப் பைக்குள் போனது. சூடம் எரிந்து, சுருங்கி, தானாகவே அணைந்தது. தட்டில் கறுப்பாக ஒரு பொட்டு.

ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்ல வேண்டும். அவர் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்தான். அந்த நேர்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேற கட்டி ஏத்துங்க சாமி, இவ அணைக்கட்டும்" என்று பின்னாலிருந்து அக்கா சொன்னது கேட்டது. நான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தார்ச் சாலை வரைக்கும் நடந்து வந்து திரும்பிப் பார்த்தபோது டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் தட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுவந்த சாப்பாடு வீணாகிவிடக் கூடாதே.

அன்றைக்கே மக்சிக் வீட்டுக்குப் போய்விட்டேன். பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கணவர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. வேலைக்கு வழக்கம்போலப் போனேன். எல்லோரிடமும் பேசினேன். ஆனால் அந்த டிரைவர் தென்படவே இல்லை. பஸ் வரும், பயணிகள் இறங்குவார்கள், அவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார். யாரோ சொல்லிக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, வேலை நாளில், மதியச் சாப்பாட்டு வரிசையில் என் கணவர் நின்றார். லீவு போட்டு வந்திருந்தார். சிகாமட் வெள்ளத்து நாளில் அக்காவின் போன் வந்ததும் இருந்ததே, அதே முகம். அவ்வளவு மலர்ச்சி. எனக்கு ஒரு நொடி ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"எல்லாம் சரியாயிடுச்சு" என்றார். "பெக்கான் நானாஸ் போயிட்டு வந்தேன். அந்த டிரைவரோட வீட்டுக்கே போனேன். அவரு சம்சாரம் முன்னாடியே சூடம் ஏத்திக் கேட்டேன் லா. கொஞ்சம்கூட யோசிக்கல, பட்டுன்னு கைய வச்சு அணைச்சிட்டாரு. எனக்கு இப்பத்தான் மனசு லேசாச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

அவர் சொன்னது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முன்பின் தெரியாத ஒரு மனிதருடைய வீட்டுக் கதவைத் தட்டி, அவர் மனைவியை நிறுத்தி வைத்து, என் பெயரைச் சொல்லி, நெருப்பை நீட்டியிருக்கிறார். அந்த மனிதருடைய உள்ளங்கையை நம்பி இப்போது என்னைக் கூப்பிட வந்திருக்கிறார்.

"அவர நம்புறீங்களா?" என்று கேட்டேன்.

நம்புகிறேன் என்று தயங்காமல் சொன்னார்.

"அப்ப அவரோடயே குடும்பம் நடத்துங்க."

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற அம்மா சிரித்துவிட்டார். கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல செய்தி கொண்டுவந்தவனை ஏன் இப்படிப் பேசுகிறாய் என்றார். அவருக்கு அது நல்ல செய்திதான். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். கணவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். பிறகு போனார்.

அந்த வருஷக் கடைசியில் டிரைவரின் மனைவி அவருடைய பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். நான் அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு தண்ணீர் போத்தலைக் கல்லா மேல் வைத்துவிட்டு, தான் யார் என்று சொன்னார். திட்டத்தான் வந்திருக்கிறார், திட்டட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சூடம் ஏத்தினப்ப நான் வேணாம்னுதான் சொன்னேங்க" என்றார். "எனக்கு எதுக்கு அது? உங்க வீட்டுக்காரரு வாசல்ல நின்னு அழுதாரு. பாவமா இருக்குன்னு இவரு செஞ்சிட்டாரு. கை கொப்புளம் ஆறவே ஒரு வாரம் ஆச்சு. ஸ்டீயரிங் பிடிக்க முடியல."

அவரை ஏன் கடைக்குள் வர விடவில்லை என்று கேட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்தான் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கூச்சப்படுகிறார், எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை, அதனால்தான் நானே இறங்கி வந்தேன் என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தால், செய்தது நானும் இல்லை. அந்த அம்மாவே கேட்டார்:

"திரும்பிப் போயிட்டீங்களா அவருகிட்ட?"

இல்லை என்றேன்.

அவர் தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பஸ்ஸில் ஏறி, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நின்று, குனிந்து அவரிடம் ஏதோ சொன்னார். அவர் கடைப் பக்கம் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்.